அடையாறில் இன்னொரு ஆலமரம்



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவருடைய வாழ்க்கையை எழுதித் தா என்று மலர்க் குழுவில் கேட்டார்கள். யாரைப் பற்றி என்று பேச்சு வந்ததும் எல்லோர் வாயிலும் ஒரே பெயர், அப்துல் கலாம். தப்பில்லை. ஆனால் போன மலரிலும் கலாம், அதற்கு முந்தின மலரிலும் கலாம். நான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்றேன். யாருடா அது, பிரசவப் பணத்துல பேர் வருமே, அந்த அம்மாவா என்று ஒருத்தன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் அவ்வளவுதான் தெரியும். என் அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது அரசாங்கம் கொடுத்த உதவித்தொகை அவர் பெயரில்தான் வந்தது. எங்கள் தெருவில் அதை முத்துலட்சுமி பணம் என்றுதான் சொல்வார்கள். பணத்தை எண்ணிப் பார்த்தோம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யார் என்று எண்ணிப் பார்க்கவில்லை!

அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் அத்தை. ஆகவே அத்தையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அத்தை கேட்ட கேள்வி

எங்கள் ஊர் புவனகிரிப் பக்கம். அத்தை நடவு, களை என்று வயல் வேலைக்குப் போகிறவர். நான் ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்தபோது அண்ணாமலை நகர் பஸ் பாஸுக்கு முதல் பணம் கொடுத்தது அவர்தான். அந்த வருஷம் அவருக்கு மார்பில் ஒரு கட்டி. வலி இல்லை. வலி இல்லாததாலேயே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டாக்டர் தொட்டுப் பார்ப்பார் என்ற கூச்சம். அது வந்தால் சாவுதான், எதற்குக் காசைக் கரைக்கணும் என்ற எண்ணம். இப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது. கட்டி புண்ணாகி, சேலையில் கறை பட்டு, அக்கா பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

அடையாறுக்குப் போனோம். சிதம்பரத்தில் ராத்திரி ரயில் ஏறி, விடியற்காலையில் தாம்பரத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ். ஆபரேஷன், அப்புறம் ஊசி, அதற்கப்புறம் கரண்ட் வைக்கணும் என்றார்கள். கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் நம் ஜனங்கள் கரண்ட் வைப்பது என்கிறார்கள். அத்தை என்னைப் பார்த்து, நீ கரண்டுதானே தம்பி படிக்கிறே, அது ஷாக் அடிக்குமா என்று கேட்டார். நான் ட்ரிபிள் ஈ படிக்கிறவன். ஆனாலும் பதில் தெரியவில்லை.

இன்னொரு நாள், வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, இவ்வளவு ஏழை ஜனம் வந்து போகிற இந்த ஆஸ்பத்திரியை யாரு கட்டினது, எந்த ராஜா என்று கேட்டார். அதற்கும் பதில் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி, ராஜா இல்லம்மா, ஒரு பொம்பளை என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் லைப்ரரியில் தேட ஆரம்பித்தேன். தேடித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

புதுக்கோட்டைச் சிறுமி

1886-ம் வருஷம் ஜூலை 30-ம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார் முத்துலட்சுமி. அப்பா நாராயணசாமி ஐயர், கல்வியாளர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் குலம். அந்தக் காலத்தில் அந்தக் குலத்துப் பெண்கள் பலர் தேவதாசிகளாகப் பொட்டுக்கட்டிவிடப்பட்டார்கள். ஊர் அந்த வீட்டை எப்படிப் பார்த்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த இடமே ஒரு தடை. பெண்ணாகப் பிறந்தது இரண்டாவது தடை.

மெட்ரிகுலேஷன் பாஸ் செய்துவிட்டு, புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டார். அது ஆண்கள் கல்லூரி. ஒரு பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு. கடைசியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டர் பட்டத்தோடும் பரிசுகளோடும் வெளியே வந்தார்.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். இந்தியாவின் முதல் பெண் டாக்டர் இவர்தான் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியில்லை. ஆனந்திபாய் ஜோஷி, காதம்பினி கங்குலி ஆகியோர் 1886-லேயே மருத்துவம் படித்து முடித்துவிட்டார்கள். அதாவது முத்துலட்சுமி பிறந்த வருஷத்திலேயே! நாம் ஒருவரைப் புகழ வேண்டுமானால் பொய் எதற்கு? அவர் செய்த நிஜமான காரியங்களே ஒரு மலரை நிரப்பும்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் வேலையில் குறுக்கிடக் கூடாது என்ற நிபந்தனையோடு நடந்த கல்யாணம் அது. இன்றைக்கே அப்படிக் கேட்டால் என்ன ஆகும் என்று நம் தோழிகளைக் கேளுங்கள்!

தங்கை

1923. இந்த வருஷத்தை மட்டும் மறக்காதீர்கள். கதை இங்கேதான் திரும்புகிறது.

முத்துலட்சுமியின் தங்கை சுந்தரி. சின்ன வயசு. அவருக்குப் புற்றுநோய். அக்கா டாக்டர். கணவர் டாக்டர். ஊரில் பெரிய டாக்டர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள். ஆனாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்கென்று ஒரு ஆஸ்பத்திரி தென்னாட்டில் எங்கேயும் இல்லை. கண் முன்னாலேயே தங்கை வலியில் துடித்து இறந்துபோனார்.

எத்தனையோ பேர் வீட்டில் எத்தனையோ பேர் இறக்கிறார்கள். அழுகிறோம், கருமாதி செய்கிறோம், மறக்கிறோம். முத்துலட்சுமி அம்மையார் அழுதார், ஆனால் மறக்கவில்லை. வீட்டிலேயே இத்தனை டாக்டர்கள் இருக்கிற என் தங்கைக்கே இந்தக் கதி என்றால், நாதியில்லாத ஏழைக்கு என்ன கதி? இந்த ஒரு கேள்வி அவரை 31 வருஷம் விடாமல் துரத்தியது.

நடுவில் செய்த காரியங்கள்

31 வருஷம் சும்மா இருக்கவில்லை. பெண்கள், குழந்தைகளின் நோய்களைப் பற்றி மேலே படிக்க 1925-ல் இங்கிலாந்து போனார். 1927-ல் சென்னை சட்டசபையில் உறுப்பினரானார். அந்தச் சபைக்குள் நுழைந்த முதல் பெண் அவர்தான். உறுப்பினர்கள் அவரையே துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள். குழந்தைக் கல்யாணத்தை எதிர்த்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். அது முழுச் சட்டமாக 1947 ஆகிவிட்டது. இருபது வருஷப் போராட்டம்! 1930-ல் காந்தியடிகளைக் கைது செய்தபோது பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

அதற்கடுத்துத்தான் பொட்டுக்கட்டிலிருந்து தப்பி வந்த பெண் பிள்ளைகள் சிலர் தங்க இடமில்லாமல் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுவே அவ்வை இல்லம் ஆனது.

இதையெல்லாம் நான் ஏன் சொல்கிறேன் என்றால், சட்டசபை, பெண்கள் சங்கம், வைத்தியம், பத்திரிகை, தர்மம் என்று எல்லாப் பக்கத்திலும் அவருக்கு ஆள் பழக்கம் ஏற்பட்டது இந்த வருஷங்களில்தான். பின்னால் ஆஸ்பத்திரி கட்ட அவர் பயன்படுத்தியது இந்தப் பழக்கத்தைத்தான்.

மடியேந்திய டாக்டர்

1935. சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா. அந்த மேடையில் நமக்கு ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி வேண்டும் என்று அம்மையார் கேட்டார். கைதட்டினார்கள். ஆஸ்பத்திரி வரவில்லை.

கேட்கக் கேட்க ஒரே பதில்தான் கிடைத்தது. அரசாங்கத்திடம் பணம் இல்லை. பெரிய டாக்டர்களுக்கு நம்பிக்கை இல்லை. கேன்சர் வந்தவர்கள் எப்படியும் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதற்கு ஒரு ஆஸ்பத்திரி என்ற மாதிரி ஒரு மந்திரியே கேட்டாராம். பின்னாளில் டாக்டர் சாந்தா இதைப் பல இடங்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். தோழர்களே, படித்த மந்திரி சொன்ன பதிலும், எங்கள் அத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டதும் ஒன்றேதான் என்பதைக் கவனித்தீர்களா? அது வந்தால் சாவுதான். இந்த ஒரு வாக்கியம் மந்திரி ஆபீசிலும் இருக்கிறது, நடவு வயலிலும் இருக்கிறது. கேன்சரைவிடக் கெட்டது இந்த வாக்கியம்தான்.

அப்போது நாட்டில் நிலைமை என்ன? பம்பாயில் டாடா குடும்பத்தின் அறக்கட்டளை 1941-ல் ஒரு ஆஸ்பத்திரி கட்டியிருந்தது. 1950-ல் கல்கத்தாவில் சித்தரஞ்சன் ஆஸ்பத்திரி வந்தது. தெற்கே ஒன்றும் இல்லை. அம்மையாரின் பின்னால் டாடா மாதிரி ஒரு பெரிய கம்பெனியும் இல்லை. அவரிடம் இருந்தது இந்திய மாதர் சங்கம். 1917-ல் அடையாறில் தொடங்கிய பெண்கள் சங்கம் அது. அந்தச் சங்கத்தின் பெயரில் 1949-ல் புற்றுநோய் நிவாரண நிதி ஆரம்பித்தார்.

அப்போது அவருக்கு வயசு 63. நம் வீட்டில் 63 வயசுப் பாட்டி என்ன செய்வார்? அந்த அம்மா மடியேந்தி நிதி கேட்டுக்கொண்டிருந்தார். பணக்காரர்களிடம் போனார். வியாபாரிகளிடம் போனார். சாதாரண ஜனங்களிடமும் கேட்டார். மாநில அரசு, மத்திய அரசு இரண்டின் கதவையும் தட்டினார். ஒரு கதவு மூடினால் அடுத்த கதவு. எந்த ஒரு கையாலும் தனியாக இது ஆகாது, எல்லாக் கையும் சேர்ந்தால் ஆகும் என்பதுதான் அவருடைய கணக்கு. மலர்க் குழு கேட்டதற்கு நான் எழுதுகிற இந்தக் கட்டுரையின் சாரமும் அதுவே.

1952 அக்டோபர் 10. பிரதமர் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ம் தேதி ஆஸ்பத்திரி வேலையைத் தொடங்கியது. தங்கை இறந்து 31 வருஷம். மேடையில் கேட்டு 19 வருஷம்.

12 படுக்கை

எங்கள் அத்தை பார்த்த பெரிய கட்டடங்களை வைத்துக் கற்பனை செய்யாதீர்கள். தொடங்கியபோது இருந்தது ஒரு சின்னக் குடில். 12 படுக்கை. நம் ஹாஸ்டலில் ஒரு மாடியில் அதைவிட அதிகம் கட்டில் இருக்கும்!

அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அந்தப் பொறுப்பை ஏற்றார். 1955-ல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். அவருக்கு அரசு ஆஸ்பத்திரியில் நல்ல வேலை காத்திருந்தது. அதை விட்டுவிட்டு இந்தக் குடிலுக்கு வந்தார். முதல் மூன்று வருஷம் சம்பளம் வாங்காமல் உழைத்தார் என்பது எல்லோரும் அறிந்தது. ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடியிருந்து, 2021 ஜனவரியில் தம் 93-வது வயதில் மறையும்வரை அந்த நோயாளிகளோடே வாழ்ந்தார். 2005-ல் மகசேசே விருது, பின்னர் பத்ம விபூஷண் எல்லாம் அவரைத் தேடி வந்தன. அவர் யாரையும் தேடிப் போகவில்லை.

வசதி உள்ளவர் பணம் கட்டட்டும், இல்லாதவருக்கு இலவசமாகவோ குறைத்தோ செய்வோம், ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம் என்பதுதான் அங்கே ஆரம்பத்திலிருந்து கொள்கை. அத்தைக்கும் அப்படித்தான் நடந்தது. காப்பீட்டு அட்டை பாதியைத் தாங்கியது. ரயில்வே சலுகையும் கிடைத்தது. கேன்சர் நோயாளி சிகிச்சைக்குப் போக ஸ்லீப்பர் வகுப்பில் டிக்கெட் முழுவதும் சலுகை, கூடப் போகிற ஒரு துணைக்கு 75 சதவீதம். டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும். இது நிறையப் பேருக்குத் தெரியாது, அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் ஊரில் யாருக்காவது தேவைப்படும்.

ஷாக் அடிக்குமா?

இப்போது அத்தையின் முதல் கேள்விக்கு வருவோம். இது நம் டிபார்ட்மென்ட் விஷயம்!

1957-ல் அடையாறுக்குக் கனடாவிலிருந்து கோபால்ட்-60 சிகிச்சை இயந்திரம் வந்தது. கனடாவில் இந்த முறையில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை கொடுத்தது 1951-ல்தான். ஆறே வருஷத்தில், மடியேந்திக் கட்டிய ஒரு ஆஸ்பத்திரிக்குள் அது வந்துவிட்டது. இந்தியாவுக்கே அப்போது அது புதுசு.

அது எப்படி வேலை செய்கிறது? சாதாரணக் கோபால்ட்டை அணு உலையில் வைத்தால் நியூட்ரானை விழுங்கி கோபால்ட்-60 ஆகிறது. அது தானாகவே காமா கதிரை வீசிக்கொண்டிருக்கும். அதைக் கனமான கவசத்துக்குள் அடைத்து, வேண்டும்போது மட்டும் ஒரு ஜன்னலைத் திறந்து, கட்டி இருக்கிற இடத்தில் கதிரைப் பாய்ச்சுவார்கள். கேன்சர் செல்லின் உள்ளே இருக்கிற டி.என்.ஏ. உடைந்து அது பெருகாமல் சாகிறது. கதிர் உண்டாவதற்கு மின்சாரமே தேவையில்லை. ஆக, ஜனங்கள் கரண்ட் வைப்பது என்று சொன்ன அந்தப் பழைய இயந்திரத்தின் கதிரில் கரண்டே கிடையாது! ஷாக்கும் அடிக்காது, அத்தை!

ஆனால் ஒரு சங்கடம். 5.27 வருஷத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். பிறகு சிகிச்சை நேரம் நீளும், சில வருஷத்துக்கு ஒரு தடவை சரக்கை மாற்ற வேண்டும். இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் லீனியர் ஆக்ஸிலரேட்டர் வந்துவிட்டது. அது மின்சாரத்தால் எலக்ட்ரானை வேகப்படுத்திக் கதிர் உண்டாக்குகிறது. அதற்கு ஏற்ற இறக்கம் இல்லாத சப்ளை வேண்டும், குளிரூட்டும் ஏற்பாடு வேண்டும், ரிப்பேர் தெரிந்த ஆள் பக்கத்திலேயே வேண்டும். கரண்ட் அடிக்கடி போகிற ஏழை நாட்டில் கோபால்ட் இயந்திரத்துக்கு இன்னும் மரியாதை இருப்பது இதனால்தான்.

இதில் நமக்குப் பெருமை தரும் ஒரு செய்தி. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் இந்தியாவிலேயே ஒரு கோபால்ட் சிகிச்சை இயந்திரத்தை வடிவமைத்தார்கள். ஹோமி பாபா நினைவாகப் பாபாட்ரான் என்று பெயர். டிசைன் அரசு ஆராய்ச்சிக்கூடம். தயாரிப்பு பெங்களூர் தனியார் கம்பெனி. முதலில் ஓட்டிப் பார்த்தது டாடா நினைவு மையம். பிறகு சர்வதேச அணுசக்தி முகமையின் உதவியோடு இந்தியா அந்த இயந்திரத்தை வியட்நாமுக்குக் கொடுத்தது. அந்த முகமை, ஏழை நாடுகளின் புற்றுநோய் சிகிச்சைக்கென்றே 2004-ல் ஒரு தனித் திட்டம் தொடங்கியிருக்கிறது.

1957-ல் வெளிநாட்டு இயந்திரத்துக்காகக் காத்திருந்த நாடு, இன்னொரு நாட்டுக்குக் கொடுக்கிற நாடாக ஆனது. அரசு, கம்பெனி, ஆஸ்பத்திரி, உலக அமைப்பு என்று நாலு கை சேர்ந்ததால் ஆனது. பாட்டி போட்ட அதே கணக்கு!

விழுதுகள்

அடையாறு என்றாலே ஆலமரம் ஞாபகம் வரும். பிரம்மஞான சபைத் தோட்டத்தில் இருக்கிற அந்த மரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது. ஆனாலும் மரம் சாகவில்லை. விழுதுகள் தாங்கி நிற்கின்றன.

முத்துலட்சுமி அம்மையாருக்கு 1956-ல் பத்ம பூஷண் கிடைத்தது. 1968 ஜூலை 22-ம் தேதி, 82-வது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது மறைந்தார். தாய்மரம் சாய்ந்தது. ஆஸ்பத்திரி சாயவில்லை. ஏனென்றால் அதை அவர் ஒற்றை ஆளாகத் தாங்கவில்லை, ஆரம்பத்திலேயே விழுதுகளை இறக்கிவிட்டார். 1975-ல் மத்திய அரசு அதை வட்டாரப் புற்றுநோய் மையமாக அங்கீகரித்தது. 2019-லிருந்து அவர் பிறந்த ஜூலை 30-ஐ நம் மாநில அரசு மருத்துவமனை நாளாகக் கொண்டாடச் சொல்லியிருக்கிறது.

நம் அண்ணாமலை நகரையே பாருங்களேன். 1929-ல் ஒரு செட்டியார் கொடையால் எழுந்த பல்கலைக்கழகம். 2013-ல் அரசு பொறுப்பேற்றது. இங்கே இருந்த மருத்துவக் கல்லூரி 2021-லிருந்து கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி. தனியார் விதைத்ததை அரசு காக்கிறது. நாம் தினமும் சைக்கிளில் கடந்து போகிற கட்டடங்களே இதற்குச் சாட்சி. நாம்தான் திரும்பிப் பார்ப்பதில்லை.

உலகக் கணக்கு இன்னும் கசப்பானது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் 2022-ல் மட்டும் உலகத்தில் சுமார் 3.5 லட்சம் பெண்கள் இறந்தார்கள். அதில் 94 சதவீதம் வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். இத்தனைக்கும் அது தடுப்பூசியால் தடுக்கக்கூடிய, முன்கூட்டியே கண்டால் குணமாகக்கூடிய நோய். 2030-க்குள் 90 சதவீதச் சிறுமிகளுக்கு 15 வயதுக்குள் தடுப்பூசி, 70 சதவீதப் பெண்களுக்கு 35 வயதுக்குள் ஒரு தடவையும் 45 வயதுக்குள் இன்னொரு தடவையும் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை என்று உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது. 2022-ல் புனே சீரம் நிறுவனம், மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறையோடு சேர்ந்து உள்நாட்டிலேயே அந்தத் தடுப்பூசியைக் கொண்டுவந்திருக்கிறது. மருந்து இருக்கிறது, மெஷின் இருக்கிறது, சலுகை இருக்கிறது. வராமல் இருப்பது ஆள்தான். கூச்சம்தான் குறுக்கே நிற்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

நாம் டாக்டர் இல்லையே, டிப்ளமோதானே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாட்களில்தான் கண் திறந்தது. டாக்டர் ஒருவர் மருந்து எழுதினால், அவருக்குப் பின்னால் எத்தனை பேர்! தினமும் காலையில் முதல் நோயாளிக்கு முன்னால் மெஷினைச் சரிபார்க்கிறவர் டெக்னீஷியன். ஜெனரேட்டரைக் காப்பவர் எலக்ட்ரீஷியன். ஏ.சி.யைப் பார்ப்பவர் நம்ம மெக்கானிக்கல் ஆள். கதிர் வெளியே கசியாதபடி அவ்வளவு கனமான சுவரை எழுப்பியது சிவில். யார் ஒருவர் சொதப்பினாலும் உள்ளே படுத்திருக்கிற அத்தைக்குச் சிகிச்சை இல்லை. நாமும் விழுதுதான் தோழர்களே!

இரண்டாவது, நம் வாய். ரயில்வே கேட் பக்கம் பெட்டிக்கடையில் வாங்கி உதட்டுக்குள் அடக்கிக்கொள்கிற அந்தப் புகையிலைப் பொட்டலம். யாரென்று பெயர் சொல்ல மாட்டேன், படிக்கும்போது அவர்களுக்கே தெரியும். அடையாறு வரிசையில் தாடையில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் நம் வயசுக்குக் கொஞ்சம்தான் மேலே இருந்தவர்களையும் நான் பார்த்தேன். மச்சான், விட்டுடுடா. வேறென்ன சொல்ல.

மூன்றாவதுதான் முக்கியம். இந்தப் பொங்கல் லீவில் ஊருக்குப் போகும்போது அம்மாவிடம், அத்தையிடம், பெரியம்மாவிடம் கேளுங்கள். உடம்பில் கட்டி இருக்கா, ஆறாத புண் இருக்கா, மாதவிலக்கு நின்ற பிறகும் உதிரப்போக்கு இருக்கா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் அக்காவை விட்டுக் கேளுங்கள். இருந்தால் மறுநாளே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கூட்டிக்கொண்டு போகிற ஒரு ஆள், அதுவும் ஒரு வைத்தியம்தான்.

என் அத்தை உயிரோடு இருக்கிறார். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப். ஆனால் அந்தப் பக்கத்துக் கை வீங்கிக்கொள்கிறது. இனி நடவுக்குக் குனிய முடியாது. ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தால் இவ்வளவு பெரிய ஆபரேஷனே வேண்டியிருக்காது என்று டாக்டர் சொன்னபோது அத்தை என் முகத்தைத்தான் பார்த்தார். அந்த ஒரு வருஷமும் நான் அதே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள்கூட அத்தை, உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டதில்லை. முத்துலட்சுமி அம்மையார் தங்கைக்காக 31 வருஷம் நடந்தார். நான் அத்தைக்காக அடுப்படி வரைக்கும் நடக்கவில்லை.

போன மாசம் செக்கப்புக்குப் போனபோது, யாரு கட்டினது என்ற கேள்விக்கு அத்தையிடம் இந்தக் கதை முழுவதும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, அப்போ அக்காவுக்குப் பிரசவத்துல வந்ததும் அந்தம்மா பணம், எனக்கு உசிரு வந்ததும் அந்தம்மா ஆஸ்பத்திரியா என்று கேட்டார். ஆமாம் அத்தை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், எங்கள் தெருக்கோடியில் இருக்கிற ஒரு அம்மாவின் பெயரைச் சொல்லி, அவளுக்கும் ரொம்ப நாளா ஒரு கட்டி இருக்கு, சொல்லவே மாட்டேங்குறா, நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன் என்றார்.

சொன்னபடி கூட்டிக்கொண்டும் போனார்.

ஆலமரத்தில் இன்னொரு விழுது இறங்கியது. அடுத்தது யார்? நீங்கள்தான்!

வாழ்க அம்மையார் புகழ்! வளர்க மாணவர் பேரவை!

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மின்னியல் துறை மாணவன்